ஆராய்ச்சிக்கு வழிகாட்டுவோர்க்குப் பயிற்சி வேண்டாமா?

ரப்பர்த் தோட்டத்தில் புதிதாக உளி பிடிப்பவரிடம் முதல் நாளே நல்ல மரத்தை ஒப்படைக்க மாட்டார்கள். வெட்டி வீழ்த்தப்போகும் கிழட்டு மரங்களில் முதலில் பழக விடுவார்கள். உளி ஆழமாகப் பாய்ந்தால் மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை சீராக வளராது. முண்டும் முடிச்சுமாக எழும்பும். பின்னொரு நாள் அந்தப் பக்கத்தில் பால் வெட்ட வருபவர், முன்பு வெட்டியவரின் கைப் பிழையை அங்கே காண்பார். ஆகவேதான் அந்த எச்சரிக்கை.

பள்ளி ஆசிரியரின் கதையும் இதுவே. பயிற்சிக் கல்லூரியில் உளவியலும் கற்பித்தல் முறையும் படித்து, பாடக் குறிப்பு எழுதி, பின் வரிசையில் ஒருவர் அமர்ந்து குறிப்பெடுக்க, அஞ்சி அஞ்சி முதற் பாடத்தை நடத்திய பின்னரே நமக்கு ஒரு வகுப்பு கிடைத்தது. பயிற்சி ஆசிரியரைச் சில வாரங்கள் வழிநடத்தும் மூத்த ஆசிரியருக்குக் கூட, எப்படிக் கவனிப்பது, எப்படிக் குறை சொல்வது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆனால், கல்வி மாளிகையின் மிக உயர்ந்த மாடத்திலே என்ன நடக்கிறது? ஒருவர் டாக்டர் பட்டம் பெறுகிறார், விரிவுரையாளராகிறார், சில ஆண்டுகளில் ஓர் ஆராய்ச்சி மாணவர் அவர் கையில் ஒப்படைக்கப்படுகிறார். மூன்று முதல் ஆறு ஆண்டுகள் அம்மாணவரின் அறிவு வாழ்க்கை அவர் கையில்தான். தாம் ஆராய்ச்சி செய்ததால் பிறரைச் செய்விக்கவும் வல்லவர் என்பது எழுதப்படாத விதியாக நெடுங்காலம் இருந்து வந்தது. நீந்தத் தெரிந்தவரெல்லாம் நீச்சல் ஆசிரியர் ஆகிவிடுவரோ?

இந்த விதி அண்மைக் காலத்தில் தளரத் தொடங்கியிருக்கிறது. மேற்பார்வையாளர்க்கெனப் பட்டறைகளும் பயிற்சிகளும் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் நடைபெறுகின்றன. அப்பயிற்சியால் தமிழ் ஆராய்ச்சிக்கு என்ன பயன் விளைய வேண்டும், இன்று விளைவது என்ன என்பதைச் சீர்தூக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நன்னூல் தரும் அளவுகோல்

இதற்கான அளவுகோலை வெளிநாட்டில் தேட வேண்டுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தியார், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் எழுத்துக்கும் சொல்லுக்கும் முன்பாகவே ஆசிரியர் யார், மாணவர் யார், பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று இலக்கணம் வகுத்துவிட்டார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கையும் உவமை காட்டினார். ஆசிரியராகத் தகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு ஆகிய நான்கையும் காட்டினார். பயிற்சிக் கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் பெற்றோம். இன்று ஆராய்ச்சி மேற்பார்வையை வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் கூர்மை விளங்குகிறது.

கழற்குடம் என்பது கழற்சிக்காய் நிரப்பிய குடம். போட்ட வரிசையில் காய்கள் வெளிவருவதில்லை. மாணவர் வரும்போதெல்லாம் நினைவுக்கு வந்ததைச் சொல்லி அனுப்பும் மேற்பார்வையாளர் இவ்வகையினர். சென்ற மாதம் விரிவாக்கச் சொன்ன இயலை இந்த மாதம் வெட்டச் சொல்வார். இரண்டையும் அவர் மறந்திருப்பார்; மாணவர் மறக்க முடியாது.

மடற்பனையில் பழம் உண்டு. ஆனால், கருக்கு மட்டைகள் மரத்தைச் சூழ்ந்திருப்பதால் எவரும் ஏற முடியாது. தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். பெரும் புலமை உடையவராயினும் அறைக் கதவு திறவாத பேராசிரியரை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

பருத்திக்குண்டிகை, குறுகிய வாயுடைய பாத்திரத்தில் பஞ்சை அடைத்தது போன்றது. உள்ளே திணிப்பதும் வருத்தம். வெளியே எடுப்பதும் வருத்தம். இருநூறு பக்கம் கொடுத்தால் ஓரத்தில் 'நன்று', 'மேலும் விளக்குக' என்ற இரண்டு குறிப்புகளை மட்டும் பெறும் மாணவர் இதனை அறிவார்.

முடத்தெங்கு, ஒருவர் நீர் ஊற்ற, வளைந்து வேலி தாண்டி அயலார் முற்றத்தில் காய் உதிர்ப்பது. மாணவரின் உழைப்பு வேறு பெயரில் அச்சேறுவது இங்கே பொருந்தும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒருவர் இன்றைய ஆராய்ச்சி ஒழுக்கக் கேட்டுக்கு உவமை வைத்துப் போயிருக்கிறார்.

அதே பாயிரம் இன்னொரு கணக்கையும் தருகிறது. ஆசிரியர் வாயிலாக வருவது புலமையில் காற்பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் வருவது காற்பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கு. மேற்பார்வையாளர் எவ்வளவு சிறந்தவராயினும் காற்பங்குதான் தர முடியும். மற்ற முக்காற்பங்குக்கு வழி செய்து கொடுப்பதும் அவர் கடமை என்பது இதன் உட்பொருள். இக்கணக்கைப் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

மூன்று சான்றுகள்

நல்ல வழிகாட்டல் எப்படி இருக்கும்? தமிழ் ஆராய்ச்சி வரலாற்றிலிருந்து மூன்று சான்றுகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் நிகழ்ந்தது. உ. வே. சாமிநாதையர் அப்போது கல்லூரித் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி ஐயரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. முதலியார் ஐயருக்கு இலக்கணம் கற்பிக்கவில்லை, கற்பிக்கவும் தேவையில்லை. மாணவர் எதை அறியவில்லை என்பதை மாணவருக்கே தெரியச் செய்தார். பிள்ளையவர்கள் கற்பித்தது புலமை. முதலியார் தொடங்கி வைத்தது ஆராய்ச்சி. இரண்டும் வேறு வேறு தொழில்கள் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது.

இரண்டாவது சான்று இங்கிலாந்தைச் சேர்ந்தது. இலங்கையில் தினகரன் நாளிதழின் ஆசிரியராக இருந்த க. கைலாசபதி, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். அவ்வாய்வே 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்த தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல். அடுத்து கா. சிவத்தம்பி அங்கேயே பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்தார். இருவருக்கும் மேற்பார்வையாளர் ஜார்ஜ் தாம்சன். அவர் கிரேக்கப் பேராசிரியர், தமிழறிஞர் அல்லர். தமிழ் ஆராய்ச்சியின் போக்கை மாற்றிய இரண்டு ஆய்வேடுகளுக்குத் தமிழறிஞர் அல்லாத ஒருவர் வழிகாட்டியிருக்கிறார்! அவர் தந்தது என்ன? இலக்கியத்தைச் சமுதாய வரலாற்றோடு பொருத்திப் பார்க்கும் முறை. ஒப்பிடுவதற்கு ஹோமர் காலக் கிரேக்கம் என்னும் மறுதட்டு. பாட அறிவு மாணவரிடம் இருந்தது. முறையறிவு ஆசிரியரிடம் இருந்தது. இதனால் தமிழறியாதவரே தமிழாராய்ச்சிக்கு வழிகாட்டலாம் என்று முடிவு கட்டுவது தவறாகும். வழிகாட்டும் கலை, பாட அறிவினின்று பிரித்தறியத் தக்க ஒன்று என்பதே இங்குக் கொள்ள வேண்டியது. பிரித்தறியத் தக்கதாயின், அதைத் தனியே கற்கவும் கற்பிக்கவும் கூடும்.

மூன்றாவது சான்று நம் வீட்டு வாசலிலேயே உள்ளது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிறிது தூரத்தில், பந்தாய்ப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தோன்றியது. அதன் நூல்நிலையத்துக்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் அதற்குக் கொடுத்தனர். கோலாலம்பூருக்குத் துறை மாறிய பின், 1961இல் தனிநாயக அடிகள் தலைமையேற்றார். 1969 வரை பணியாற்றினார். அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராக இருந்தவர். பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றவர். நம் மொழியில் சொன்னால், ஆசிரியர்களின் ஆசிரியர்.

அப்பயிற்சி அவர் செயலில் தெரிந்தது. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியது. அதே ஆண்டில் தமிழியல் நூல்களுக்கான ஆங்கில வழிகாட்டி நூற்பட்டியை அடிகள் வெளியிட்டார். சங்க காலத் தமிழரின் சமுதாய வாழ்க்கை பற்றிய ச. சிங்காரவேலுவின் நூலும் அதே ஆண்டில் துறை வெளியீடாக வந்தது. 1969இல் இராம. சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியைத் தந்தார். அடிகள் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களிதழோ 1952 முதலே நடந்துகொண்டிருந்தது. நூற்பட்டி, இதழ், மாநாடு: இம்மூன்றும் ஆராய்ச்சி மாணவருக்கு வேண்டிய கருவிகள். எங்கே தேடுவது, எங்கே எழுதுவது, யாரோடு பேசுவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் அவை விடையளித்தன. நன்னூலார் கணக்கிட்ட எஞ்சிய முக்காற்பங்கை அடிகள் ஏற்பாடு செய்து கொடுத்தார் எனலாம்.

கேள்வி, முறை, கருவி. நல்ல மேற்பார்வையாளர் தருவன இம்மூன்றே.

ஆய்வேடுகளின் இன்றைய நிலை

இனி, நம் காலத்து ஆய்வேடுகளைப் பார்ப்போம். கற்பித்தல் பணிக்காகவும் தமிழார்வத்தாலும் மலேசியத் தமிழ் இலக்கியம் பற்றிய ஆய்வேடுகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். மிகச் சிறந்தவையும் அவற்றுள் உண்டு. ஆயினும், பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதல் இயலில் இலக்கியம் என்றால் என்ன என்பதற்குப் பத்துப் பேரின் வரையறை. இரண்டாம் இயலில் எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பு. மூன்றில் கதைச் சுருக்கங்கள். நான்கில் குடும்பச் சிக்கல், சமுதாயச் சிக்கல், பொருளாதாரச் சிக்கல் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்தல். ஐந்தில், எழுத்தாளர் சமுதாயத்தை நன்கு படம்பிடித்துள்ளார் என்ற முடிவு. இம்முடிவு தொடக்கத்திலேயே தெரிந்ததுதான். தெரிந்ததைத் தெரிவிக்க நானூறு பக்கம் எதற்கு?

இக்குறையை மாணவர் தலையில் ஏற்றுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வகுப்பில் ஒரு மாணவர் தவறு செய்தால் அது மாணவரின் தவறு; முப்பது பேரும் ஒரே தவறு செய்தால் ஆசிரியரின் தவறு என்பது நம் தொழிலின் பாலபாடம். ஆய்வேடுகள் ஒன்றுபோல் பிழைபட்டால், கேள்வி கேட்கக் கற்பிக்கப்படவில்லை என்பதே பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்வேன். 'மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் தோட்டப்புற வாழ்க்கை' என்று ஒரு மாணவர் தலைப்பு கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டத் தெரியாதவர், நல்ல தலைப்பு, எழுதுக என்பார். வழிகாட்டத் தெரிந்தவரோ கேள்வி தொடுப்பார். எந்த ஆண்டுக் கதைகள்? எழுதியவர்கள் தோட்டத்தில் வாழ்ந்தவர்களா, பட்டணத்தில் இருந்து தோட்டத்தை நினைத்தவர்களா? கதைகள் நூலாக வந்தவையா, ஞாயிறு மலரில் வந்தவையா? 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன, 1960இல் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அக்கொடுமை நடந்த அதே ஆண்டுகளில் நாளிதழ்க் கதைகள் அதைப் பற்றிப் பேசினவா, அல்லது பல ஆண்டுகள் கழித்து நினைவாகத்தான் பேசினவா? உடனே பேசவில்லையெனில், ஏன்?

இப்போது தலைப்பு ஆராய்ச்சியாகிவிட்டது. விடை முன்கூட்டியே எவருக்கும் தெரியாது. பழைய நாளிதழ்களைப் புரட்ட வேண்டும். முதியோரைக் கண்டு பேச வேண்டும். எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தகைய கேள்விகளைத் தொடுக்க மேதையாக இருக்க வேண்டுவதில்லை. நான் ஆரம்பப்பள்ளித் தலைமையாசிரியன். எனக்கே சில தோன்றுகின்றன என்றால், பழகினால் எவருக்கும் தோன்றும்.

நம் நாட்டுத் தமிழுலகுக்கு இப்பழக்கம் புதிதும் அன்று. 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். எழுத விரும்பியோருக்குப் பாடமும் பயிற்சியும் கொடுத்து, எழுதியதைத் திருத்தித் தரம் பிரித்தார்கள். பின்னர் அவ்விதழுக்கு வந்த கு. அழகிரிசாமியும் இளம் எழுத்தாளரோடு கூடியிருந்து படைப்புகளை அலசினார். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் முதல் தலைமுறையில் பலர் அவ்வழி வந்தவர்களே. 2019இல் அந்நாளிதழ் நின்றுவிட்டது. ஆனால், எழுத்தையும் எழுத்துக்கு வழிகாட்டுவதையும் முறையாகப் பழக்கலாம் என்று கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழ் காட்டிய செயல் நிற்கிறது.

ஒரு மாணவன் கதை

ஆய்வேடு சரியில்லாமற் போவது சிறிய இழப்பு. ஆள் சரிந்து போவது பெரிய இழப்பு.

கிள்ளான் பகுதியில் எங்கள் தோட்டப் பள்ளியில் படித்த மாணவன் ஒருவன், தோட்டத்துப் பாட்டிமார் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் வேலைப் பாட்டுகளையும் ஆராய டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். வார இறுதிகளில் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகச் சென்று பாடல்களை ஒலிப்பதிவு செய்தான். முதல் இரண்டு இயல்களை எழுதிக் கொடுத்தான். பதினான்கு மாதம் அவை மேற்பார்வையாளர் மேசையில் கிடந்தன. திரும்பி வந்தபோது எழுத்துப் பிழைகள் மட்டும் திருத்தப்பட்டிருந்தன. பின்னர் அவர் வேறிடம் சென்றார். புதிதாக வந்தவர், இத்தலைப்பு தமக்கு ஒத்துவராது, வேறு தொடங்கு என்றார். இதற்கிடையில் அவன் திரட்டிய பாடல்களில் சில ஒரு கருத்தரங்கக் கட்டுரையில் வெளிவந்தன. கட்டுரையின் தலைப்பில் அவன் பெயர் இல்லை; அடிக்குறிப்பிலும் இல்லை. ஐந்தாம் ஆண்டில் விலகினான். இப்போது துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான்.

"எனக்கு ஆராய்ச்சி வரல போலிருக்கு, ஐயா" என்றான் என்னிடம். அவனுக்கு ஆராய்ச்சி வந்தது, வழிகாட்டல்தான் வரவில்லை. பாடிய பாட்டிமாருள் பெரும்பாலோர் இன்று இல்லை.

பிறர் குறையை மட்டும் சொல்லி நகர்வது முறையன்று. பயிற்சி ஆசிரியை ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தபோது, அவருடைய செயலாய்வு அறிக்கைக்கு வழிகாட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. தவணை நெருங்கியது; எழுத்து தளர்ந்திருந்தது. நானே இரவில் அமர்ந்து ஓர் இயலைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் பெற்றார். எனக்கு நன்றியும் சொன்னார். மறு ஆண்டு இன்னோர் அறிக்கை எழுத வேண்டி வந்தபோது, தொடங்கவே தெரியாமல் என்னிடம் தொலைபேசியில் பேசினார். உதவி என்று நினைத்து நான் செய்தது, மாணவரின் கையிலிருந்து உளியைப் பிடுங்கி நானே மரம் வெட்டியதற்கு ஒப்பு. அன்று எனக்கு யாரேனும் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் தவிர்த்திருப்பேன். நல்லெண்ணம் பயிற்சிக்கு ஈடாகாது என்பதை அனுபவித்துக் கற்றேன்.

பிற நாடுகளும் நாமும்

ஆராய்ச்சிப் பட்டம் என்னும் ஏற்பாடே பழைமையானது அன்று. 1810இல் தோன்றிய பெர்லின் பல்கலைக்கழகம், ஆசிரியரும் மாணவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து மூலங்களை ஆராயும் கருத்தாடல் முறைக்குப் புகழ் பெற்றது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861இல் இப்பட்டத்தை வழங்கத் தொடங்கியது. ஆக்ஸ்போர்டு 1917இல்தான் ஏற்றது. பட்டம் பரவியது, மேசை எல்லா இடத்துக்கும் உடன் செல்லவில்லை. பல நாடுகளில் அது மூடிய அறைக்குள் இருவர் விவகாரமாயிற்று.

இதை உணர்ந்த நாடுகளில், கடந்த முப்பது ஆண்டுகளாக மேற்பார்வையாளருக்குப் பயிற்சி தருவது வழக்கமாகி வருகிறது. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பல பல்கலைக்கழகங்கள், புதியவர் பயிற்சி பெறாமல் முதன்மை மேற்பார்வையாளராக இயலாது என்று விதித்துள்ளன. தென் ஆப்பிரிக்காவின் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகம், ஆப்பிரிக்க நாடுகளின் மேற்பார்வையாளர்களுக்கென ஒரு பயிற்சியை நடத்தி வருகிறது. பிரிட்டனில் ஆன் லீ என்பவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் மேற்பார்வையின் போக்குகளை ஐந்தாகப் பகுத்தார்: வேலைத் திட்டத்தைக் கண்காணித்தல், துறையின் மரபுக்குள் மாணவரை வளர்த்தல், ஐயுற்று ஆராயப் பழக்குதல், தம் காலில் நிற்கச் செய்தல், நல்லுறவு பேணுதல். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் காலமறிந்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது இப்பகுப்பிலிருந்து நாம் பெறும் பாடம்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு வேறு வழியில் கட்டுப்பாடு வைத்தது. 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் விதிகளின்படி பேராசிரியர் ஒரே காலத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் டாக்டர் பட்ட மாணவரை ஏற்கலாகாது. மந்தையாகச் சேர்ப்பதை இது தடுக்கும். ஆனால், எண்ணிக்கையைக் குறைப்பதால் மட்டும் தரம் உயர்ந்துவிடாது. நால்வரை மட்டும் ஏற்ற மடற்பனையும் மடற்பனையே.

நம் நாட்டில் மைபிரெயின் 15 என்னும் திட்டம், 2023ஆம் ஆண்டுக்குள் 60,000 டாக்டர் பட்டதாரிகள் என்னும் இலக்கோடு உதவித்தொகை வழங்கியது. மாணவருக்குப் பணம் கிடைத்தது. ஏழைப் பிள்ளைகள் சிலருக்குக் கதவு திறந்தது. அதை வரவேற்கிறேன். ஆனால், எண்ணிக்கை இலக்காகும்போது மேற்பார்வையும் எண்ணிக்கையாகிறது. முடித்து அனுப்பிய மாணவர் தொகை பதவி உயர்வுக் கணக்கில் சேருகிறது. விலகிய மாணவர் தொகையை எவரும் கேட்பதில்லை.

நடைபெறும் பட்டறைகளும் இப்போக்குக்குத் தப்பவில்லை. பங்குபெற்ற நண்பர்கள் காட்டிய குறிப்புகளைப் பார்த்தேன். எந்தப் பாரத்தை எப்போது நிரப்புவது, எழுத்துத் திருட்டைக் கணினியில் எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தத் தவணைக்குள் முடிப்பது என்பவை நிறைய இருந்தன. தேவையானவைதாம். ஆனால், ஒரு மாணவர் எழுதிய இயலை எப்படிப் படிப்பது என்பது பற்றி ஒரு மணி நேரம்கூட இல்லை. சமையற்கலை வகுப்பில் ரசீது எழுதக் கற்றுக்கொடுத்தது போலிருந்தது.

பயிற்சி எப்படி அமைய வேண்டும்?

ஆசிரியப் பயிற்சித் துறையின் அனுபவத்திலிருந்து சில கருத்துகளைத் தமிழ்த் துறைகளின் முன் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவதாக, ஒரே இயலை மூவர் தனித்தனியே படித்துக் குறிப்பெழுத வேண்டும். பின் மூவர் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் எழுத்துப் பிழையை மட்டும் கண்டிருப்பார். ஒருவர் சான்றின்மையைக் கண்டிருப்பார். ஒருவர் கேள்வியே இல்லை என்று கண்டிருப்பார். தம் கண் எதைக் காணத் தவறுகிறது என்பதை அறிய இதைவிடச் சிறந்த வழி இல்லை.

இரண்டாவதாக, புதியவர் முதல் மாணவரைத் தனியே ஏற்கலாகாது. மூத்தவர் ஒருவருடன் இணைந்து, ஒருவரைத் தொடக்கம் முதல் வாய்மொழித் தேர்வு வரை கொண்டுசென்ற பின்னரே தனிப்பொறுப்பு ஏற்க வேண்டும்.

மூன்றாவதாக, முதல் மாதத்திலேயே மாணவரும் மேற்பார்வையாளரும் சிலவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை நாளுக்கு ஒரு முறை சந்திப்பு? கொடுத்த இயல் எத்தனை வாரத்தில் திரும்பும்? திரட்டிய சான்றுகள் யாருடையவை? கட்டுரை வெளியானால் யார் பெயர் முதலில்? மேற்பார்வையாளர் மாறிச் சென்றால் என்ன ஏற்பாடு? இந்த ஒரு பக்கத் தாள் இருந்திருந்தால் என் மாணவன் துறைமுகத்துக்குப் போயிருக்க மாட்டான்.

நான்காவதாக, நன்னூலாரின் முக்காற்பங்குக்கு இடம் வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை எல்லாப் பல்கலைக்கழகங்களின் தமிழ் ஆராய்ச்சி மாணவரும் ஓரிடத்தில் கூடலாம். மலாயாப் பல்கலைக்கழகமும் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகமும் இரயிலிலும் சாலையிலும் சென்றடையத் தக்கவையே. ஒருவர் தம் இயலைப் படிக்க, பிறர் வினவலாம். தமிழாசிரியர்களும் வந்து கேட்கலாம்.

ஐந்தாவதாக, தமிழுக்கே உரிய ஒன்று. நம் மாணவர் தமிழில் படித்து, மலாயிலோ ஆங்கிலத்திலோ துறைநூல்களைத் தேடி, மீண்டும் தமிழில் சிந்திக்கிறார்கள். எழுத்தின் தளர்ச்சிக்கு அறிவின் தளர்ச்சி காரணமா, மொழி மாற்றத்தின் களைப்புக் காரணமா என்று பிரித்தறிய மேற்பார்வையாளர் கற்றிருக்க வேண்டும். இந்த நுட்பத்தை வெளிநாட்டுக் கையேடு எதுவும் நமக்காக எழுதித் தராது.

மறுப்பும் விடையும்

ஜார்ஜ் தாம்சன் எந்தப் பட்டறைக்குச் சென்றார்? சேலம் இராமசுவாமி முதலியார் எந்தச் சான்றிதழ் வைத்திருந்தார்? என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. பயிற்சி இல்லாமலே சிறந்த பள்ளி ஆசிரியர்களும் முன்பு இருந்தார்கள். திண்ணைப் பள்ளியிலும் அறிஞர் தோன்றினர். ஆயினும், ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளைப் பிறவி ஆசிரியரை மட்டும் நம்பி நடத்த முடியுமா? முடியாது என்று கண்டதால்தான் பயிற்சி ஏற்பட்டது. பயிற்சி மேதையை உண்டாக்காது. ஆனால், தீங்கு செய்வதிலிருந்து சராசரி மனிதரைக் காக்கும். ஆராய்ச்சி மாணவருக்கு முதலில் வேண்டியது அக்காப்பு.

பயிற்சியால் பேராசிரியரின் கண்ணியம் குறையும் என்பார் வேறு சிலர். முப்பது ஆண்டு பணிக்குப் பின்னும் என் வகுப்பில் பின் வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க அதிகாரி வருகிறார். என் கண்ணியம் குறைந்துவிடவில்லை. அவர் வரும் நாளில் பாடம் சற்றுச் சிறப்பாகவே நடக்கிறது.

தமிழாசிரியர்களே, இது பல்கலைக்கழகத்தார் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. அத்துறை எழுந்தபோது நம் பாட்டன்மார் தம் கூலியிலிருந்து வெள்ளி கொடுத்தார்கள். நாம் ஆனா ஆவன்னா எழுதக் கற்பித்த பிள்ளைகள்தாம் அங்கே ஆராய்ச்சிக்குச் செல்கிறார்கள். அவர்களை அங்கே யார், எப்படி வழிநடத்துகிறார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

என் மாணவன் ஒலிப்பதிவு செய்த பாடல்களும் கையால் எழுதிய குறிப்பேடுகளும் எங்கள் பள்ளி அலுவலக அலமாரியில், ஈரம் படாமல் நெகிழித் தாளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் இடமில்லை என்று சொல்லி அவன் கொண்டுவந்து கொடுத்தவை. முறையாக வழிகாட்ட ஒருவர் முன்வந்தால், அவனையே அழைத்து அலமாரியைத் திறந்து கொடுப்பேன்.